பகலில் தூங்கும் வாக்காளர்

எங்கள் அண்ணி இருபத்தோரு வருடமாகப் பகலில் தூங்குகிறாள். சோம்பேறி என்று நினைத்துவிட வேண்டாம். அப்படி நினைக்கிறவர்களோடு எனக்குப் பேச்சுவார்த்தையே கிடையாது. பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் அவளுக்கு நிரந்தர இரவு வேலை. நானூறு கட்டில்களின் விரிப்புகள் ராத்திரியோடு ராத்திரியாக வெளுத்து, உலர்ந்து, சுருக்கமில்லாமல் மடிந்து, விடிவதற்குள் நோயாளிகளின் அடியில் போய்ச் சேர வேண்டும். ஊர் பல் தேய்க்கும் நேரத்தில் அண்ணி வீடு திரும்புவாள். எட்டரைக்குப் படுத்தால் நாலரைக்கு எழுந்திருப்பாள். தெருவில் அவளுக்கு 'ஆந்தை' என்று பெயர். என் காதுபட யாரும் சொல்வதில்லை.

முறைக்கு அவள் எனக்கு அண்ணி; வயதில் என்னைவிட மூன்று வருடம் சின்னவள். அதனால் நேரில் 'நீங்க' என்பேன், எழுதும்போது 'அவள்' என்பேன். அவள் என்னை 'நாத்தனாரே' என்று கூப்பிடுவாள். அதில் பாதி மரியாதை, பாதி கிண்டல். கல்யாணமே வேண்டாம் என்று அண்ணன் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டவள் நான். தையல்கடைகளுக்குக் காஜா எடுத்துக் கொடுக்கிறேன், அதாவது சட்டையில் பொத்தான் நுழைகிற ஓட்டையைச் சுற்றி நூல் கட்டுகிற வேலை. மெஷினில் எடுத்தால் ஒரு நாளைக்கு நூறு சட்டை முடிக்கலாம். மெஷின் சத்தம் போடும். அதனால் கையால் இருபது சட்டை முடிக்கிறேன்.

எங்கள் வீட்டில் பகலில் குண்டூசி விழுந்தால் கேட்கும். அதனால் குண்டூசியைக்கூட மெத்தைத் துண்டில்தான் குத்தி வைத்திருக்கிறேன். குழாய் சொட்டினால் சத்தம் வரும் என்று அதன் வாயில் ஒரு நூலைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன், தண்ணீர் நூல் வழியாக ஒழுகி வாளிக்குள் இறங்கும். சுவர்க்கடிகாரத்தின் மணி நாக்கைக் கழற்றியாகிவிட்டது. கரண்டி எல்லாம் மரம். அண்ணனுக்கு பஸ் டெப்போவில் டயர் மாற்றும் வேலை. அங்கே நாள் முழுக்கச் சுத்தியல் சத்தம். லீவு நாளில் தும்மல் வந்தால் மனுஷன் துணி அலமாரியைத் திறந்து, தலையை உள்ளே விட்டுத் தும்முவார். இருபத்தோரு வருடம் குசுகுசுத்துக் குசுகுசுத்து இப்போது காய்கறிக் கடையில்கூட அவருக்குக் குரல் வருவதில்லை. கடைக்காரர் இவர் ஏதோ ரகசியம் சொல்கிறார் என்று காதைக் கொண்டுவந்து வைப்பார்.

வாசல் மணியின் ஒயரை நானே கத்தரித்தேன். கதவில் ஓர் அட்டை தொங்கும்: 'தட்டாதீர்கள். எதுவானாலும் மாலை ஐந்து மணிக்கு மேல்.' அதை எழுதியவளும் நான்தான். இந்தக் கதையில் குற்றவாளி யார் என்று தேடுகிறவர்கள் சிரமப்பட வேண்டாம்.

வாக்காளர் பட்டியல் வேலைக்காக எங்கள் பகுதிக்கு வருகிறவர் ஒரு பள்ளிக்கூட டிரில் மாஸ்டர். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். முதல் தடவை வந்தபோது மணி அடிக்கவில்லை, தட்டவும் கூடாது என்றதும், மனுஷன் விசிலை வாய்க்குக் கொண்டு போய்விட்டார். ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டி அதைப் பிடுங்கினேன். இல்லையென்றால் அன்றைக்கு ஒரு கொலை விழுந்திருக்கும்.

"வீட்ல மூணாவதா ஒருத்தர் இருக்காங்களாமே? கூப்பிடுங்க, ஒரு கையெழுத்து போதும்."

"தூங்குறாங்க" என்றேன், உதட்டசைவில்.

"எழுப்புங்களேன்."

"ஒரு கையெழுத்துக்காகவா? நல்லா இருக்கே நியாயம்!"

அவர் 'விண்ணப்பதாரர் கிடைக்கவில்லை' என்று எழுதிக்கொண்டு விசிலை வாங்கிக்கொண்டு போனார். இப்படி நான்கு முறை வந்தார். நான்கு முறையும் ஜன்னலில் நின்றது நான்தான். அண்ணியிடம் சொன்னால் அவளும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"எனக்கு எதுக்கு வோட்டு? எட்டு மணியிலேருந்து நாலு மணி வரைக்கும் நடக்கிற எதுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்ல. ஊரை முழிச்சிருக்கிறவங்க பார்த்துக்கட்டும், நாத்தனாரே."

வோட்டுப் போடும் நேரமும் அதே எட்டிலிருந்து நாலு. நானும் அண்ணனும் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு பூனை மாதிரி வெளியே போவோம். விரலில் மையோடு பூனை மாதிரி திரும்பி வருவோம். யார் ஜெயித்தார்கள் என்று அண்ணிக்குச் சாயங்கால டீயோடு சொல்வேன். "அப்படியா" என்பாள். அந்த 'அப்படியா'வில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை, வெட்கமாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

போன வருடக் கடைசியில், எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே பூட்டிக் கிடந்த பழைய கோணிக் கிடங்கின் கதவில் நகராட்சி ஒரு நோட்டீஸ் ஒட்டியது. நகராட்சி பேண்டு வாத்தியக் குழுவுக்குப் பயிற்சிக்கூடம் வரப்போகிறதாம். இருபத்திரண்டு பேர். பித்தளை ஊதுகுழல்கள் பதினாறு, சின்ன டிரம் நாலு, பெரிய டிரம் இரண்டு. திங்கள் முதல் சனி வரை, காலை ஒன்பது முதல் பிற்பகல் மூன்று வரை.

நோட்டீஸைப் படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காரணம், அண்ணியின் கைகள். சலவைக்கூடத்தில் ஈர விரிப்பை நீட்டிப் பிடித்து, கொதிக்கிற இரண்டு பெரிய உருளைகளுக்கு நடுவே ஊட்ட வேண்டும். விரிப்போடு விரலும் போனால் உருளைக்கு வித்தியாசம் தெரியாது. நன்றாகத் தூங்கி எழுந்தவளுக்கே பயமான வேலை அது. தூக்கமில்லாமல் வந்த ஒருத்திக்கு இரண்டு விரல் போயிருக்கிறது. அண்ணியின் எட்டு மணி நேரத் தூக்கம் போனால் என்ன போகும் என்று எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும்.

மறுநாள் காலை வேலை முடிந்து வந்த அண்ணியைப் படுக்கவிடாமல் நேரே நகராட்சி அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஆட்சேபணை வாங்குகிற குமாஸ்தா ஒரு கட்டைப் பிரித்துப் பார்த்தார்.

"உங்க நாலு தெருவிலயும் வீடு வீடாப் போய்க் கேட்டாச்சும்மா. பகல்ல சத்தம் வந்தா யாருக்காவது தொந்தரவான்னு. தொந்தரவுள்ளவங்க யாரும் இல்ல."

"எத்தனை மணிக்குக் கேட்டீங்க?" என்றாள் அண்ணி.

"மத்தியானம் பன்னண்டுக்கு."

"அப்ப தூங்கிட்டிருந்தவங்க?"

"கதவே திறக்கலையே. திறக்காத வீட்டுக்கெல்லாம் 'ஆட்சேபணை இல்லை'ன்னு போட்டிருக்கோம்." பிறகு பட்டியலைப் புரட்டினார். "உங்க வீட்ல ரெண்டே பேர்தான். ரெண்டு பேரும் பகல்ல முழிச்சிருக்கிறவங்க."

"நான் இருக்கேனே. மூணாவது ஆள்."

"பட்டியல்ல இல்லையேம்மா. பட்டியல்ல இருக்கிறவங்கதான் ஆட்சேபணை தர முடியும்." குமாஸ்தா நல்ல மனிதர்தான், நாற்காலியை இழுத்துப் போட்டு, குரலைத் தாழ்த்தினார். "இன்னும் மூணு மாசத்துல கவுன்சிலர் தேர்தல். யார் வர்றாங்களோ அவங்க கையெழுத்துலதான் இந்தக் கூடம் திறக்குறதும் திறக்காததும். இரும்புக்கடைக்காரர் ஜெயிச்சா திறப்பாரு, பேண்டு மாஸ்டர் அவர் மச்சினன். மருந்துக்கடைக்காரம்மா ஜெயிச்சா திறக்க மாட்டாங்க. முதல்ல பேரைச் சேருங்க."

வெளியே வந்ததும் அண்ணி அலுவலகப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னைக் கேக்காமயே எனக்குத் தொந்தரவு இல்லைன்னு எழுதிட்டாங்க பாருங்க" என்றாள்.

அவர்கள் எழுதினார்கள், பேனாவைக் கையில் கொடுத்தது நான். அதை அவளிடம் சொன்னேன். அவள் அதற்குள் உட்கார்ந்த இடத்திலேயே கண் அசந்துவிட்டாள்.

பெயர் சேர்க்க மனுக் கொடுத்தோம். விதி என்னவென்றால், சரிபார்க்கும் அதிகாரி விண்ணப்பதாரரை அவர் வீட்டிலேயே, அலுவலக நேரத்தில், நேரில் பார்க்க வேண்டும். படமும் அவரே எடுக்க வேண்டும். அதிகாரி யார்? அதே டிரில் மாஸ்டர். அலுவலக நேரம் எது? பத்திலிருந்து ஐந்து. அண்ணி முந்தின நாளே மனுவில் கையெழுத்துப் போட்டு என் கையில் கொடுத்து, "மாஸ்டர் வந்தா என்னை உலுக்கி எழுப்புங்க" என்று மூன்று தடவை சொல்லிவிட்டுப் படுத்தாள்.

பதினொரு மணிக்கு மாஸ்டர் வந்தார். விசிலை அவரே கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். நான்கு முறை வந்தவர் அல்லவா. நான் உள்ளே போனேன். அண்ணி ஒருக்களித்துப் படுத்திருந்தாள், வாய் லேசாகத் திறந்திருந்தது. தோளைத் தொடப் போன கை அப்படியே நின்றுவிட்டது. இருபத்தோரு வருடம் நான் காத்த தூக்கம் அது. குழாயை நூல் கட்டி அடக்கியவள், கடிகாரத்தின் நாக்கைப் பிடுங்கியவள், எந்தக் கையால் எழுப்புவேன்? திரும்பி வந்து மாஸ்டரிடம், "நீங்களே வந்து பாத்துக்குங்க" என்றேன்.

அவர் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, டிரில் மாஸ்டர் நடந்ததாகச் சரித்திரத்திலேயே இல்லாத மெல்லிய நடையில் கட்டிலருகே வந்து நின்றார். படிவத்தைப் பிரித்தார்.

"விண்ணப்பதாரர் வீட்டில் இருந்தார். ஆமா, இருக்காங்க" என்று முணுமுணுத்து டிக் அடித்தார். "இங்கேதான் வசிக்கிறாரா? இவ்வளவு அசந்து தூங்குறாங்கன்னா சொந்த வீடாத்தான் இருக்கும்." இன்னொரு டிக். "கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாரா?"

அந்த நேரம் பார்த்து அண்ணி நீளமாக ஒரு குறட்டை விட்டாள்.

"சொன்னாங்கன்னு போட்டுக்குறேன்" என்றார் மாஸ்டர்.

பிறகு போனை எடுத்துப் படம் பிடித்தார். திரையை என்னிடம் காட்டி, "கண்ணு மூடியிருக்கு. ஆனா காது ரெண்டும் தெரியணும்னுதான் விதியில இருக்கு. கண்ணைப் பத்தி ஒண்ணும் சொல்லல" என்றார். ஒரு காது தலையணைக்குள் இருந்தது. நான் தலையணை நுனியை விரலால் அமுக்கிப் பிடித்தேன், இரண்டாவது காதும் வந்தது.

சாயங்காலம் அண்ணி என்னை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள். "எழுப்பச் சொன்னேனா இல்லையா?" "மனசு வரல அண்ணி." "உங்க மனசு வந்தாத்தான் நான் முழிக்கணுமா?" இந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஊசி பிடிக்கிறவளுக்குத் தைப்பது பழக்கம்தான், ஆனாலும் தைத்தது.

ஒரு மாதத்தில் அட்டை வந்தது. பெயர் சரி, வயது சரி, வீட்டு எண் சரி. படத்தில் அண்ணி சொகுசாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "அம்சமா இருக்கு" என்று குசுகுசுத்தார்.

தேர்தல் நாள். அண்ணி காலை ஏழு மணிக்கு வேலையிலிருந்து நேரே வாக்குச்சாவடிக்கே வந்துவிட்டாள். அது ஒரு பள்ளிக்கூடத்தின் ஓவிய வகுப்பறை. சுவரெல்லாம் கலர் கலராகக் காகித மீன்கள். நாங்கள் போவதற்குள் வரிசை மைதானத்தைச் சுற்றி வளைந்துவிட்டது. முந்தின இரவு முழுக்க நானூறு விரிப்புகளை ஊட்டிய கால்கள். அண்ணன் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தார், முகம் கழுவ வைத்தார், பேச்சுக் கொடுத்தார். அவர் பேச்சுக் கொடுப்பது தாலாட்டு மாதிரி இருந்ததால் அதை நான் நிறுத்தினேன்.

பத்தே முக்காலுக்கு உள்ளே போனோம். முதல் மேசையில் அட்டையைப் பார்த்த பெண் அலுவலர் அண்ணியைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார்.

"இது நீங்கதானாம்மா? அடையாளம் தெரியலையே."

"நான்தாங்க."

இரும்புக்கடைக்காரரின் ஏஜென்ட் எட்டிப் பார்த்து, "படத்துல இருக்கிறவங்களுக்குக் கண்ணு மூடியிருக்கு. இவங்களுக்குத் திறந்திருக்கு. ஒத்துப் போகல" என்று ஆட்சேபித்தார்.

"கொஞ்சம் கண்ணை மூடுங்கம்மா, பார்ப்போம்" என்றார் அலுவலர்.

அண்ணி கண்ணை மூடினாள். மூடினதும் முகம் அச்சு அசலாக அட்டையில் இருந்த முகமாக ஆகிவிட்டது. அலுவலர் திருப்தியோடு, "ஆமா, இவங்கதான். இப்பத் திறக்கலாம்" என்றார்.

அண்ணி திறக்கவில்லை. மை வைப்பதற்காக நீட்டிய விரல் நீட்டியபடி இருக்க, நின்றுகொண்டே தூங்கிவிட்டாள்.

"அம்மா" என்று அலுவலர் கையைத் தொடப் போனார். ஏஜென்ட் பாய்ந்தார். "தொடாதீங்க! வாக்காளரைத் தொட்டா வற்புறுத்தின மாதிரி." மருந்துக்கடைக்காரம்மாவின் ஏஜென்ட் வாயைத் திறந்தார், உடனே இரும்புக்கடை ஏஜென்ட், "பேசவும் கூடாது. நீங்க எழுப்பினா, எழுந்த நன்றிக்கு உங்களுக்கே போட்டுடுவாங்க" என்றார். அவர் திறந்த வாயை மூடிக்கொண்டார். சாவடித் தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விதிப் புத்தகத்தைப் புரட்டினார். கண் தெரியாதவர் வந்தால் என்ன செய்வது, குடித்துவிட்டு வந்தால் என்ன செய்வது, வோட்டுச் சீட்டைத் தின்றுவிட்டால் என்ன செய்வது, எல்லாவற்றுக்கும் விதி இருந்தது. தூங்கினால் என்ன செய்வது என்று இல்லை.

இந்தக் களேபரத்தில் யாரோ நாற்காலியைத் தரதரவென்று இழுத்தார்கள். அண்ணன் பழக்க தோஷத்தில் உதட்டில் விரலை வைத்து "ஷ்ஷ்" என்றார். அவ்வளவுதான். அறை முழுக்க அடங்கிவிட்டது. அலுவலர்கள் காகிதத்தைச் சத்தமில்லாமல் புரட்டினார்கள். வரிசையில் நின்றவர்கள் செருப்பைக் கழற்றினார்கள். மறைப்புக்குள் போனவர்கள் நுனிக்காலில் போய், முத்திரையைப் பூவைப் போல வைத்துவிட்டு, நுனிக்காலில் வந்தார்கள். வெளியே ஒரு குழந்தை அழ, பத்துப் பேர் அதன் அம்மாவை முறைத்தார்கள். எங்கள் வீட்டின் பகல் அப்படியே பெயர்ந்து வந்து அந்த வகுப்பறைக்குள் உட்கார்ந்துவிட்டது. எனக்கே ஒரு நிமிடம் மனசு குளிர்ந்துபோனது. எல்லோருமாகச் சேர்ந்து எங்கள் அண்ணியை எவ்வளவு அன்பாகத் தூங்க வைக்கிறார்கள் என்று பார்த்தேன்.

அப்போது இரும்புக்கடைக்காரரின் ஏஜென்ட் ஒரு காரியம் செய்தார். ஓசைப்படாமல் எழுந்து போய், மேசை ஃபேனை அண்ணி பக்கம் திருப்பி வைத்தார். என்னைப் பார்த்து, "பாவம், அசதி. நல்லாத் தூங்கட்டும்" என்று கிசுகிசுத்தார். சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த கருணையைப் பார்க்க வேண்டுமே.

எனக்கு ஆத்திரம் உள்ளங்காலிலிருந்து ஏறியது. அந்த மனுஷன் செய்ததைத்தான் நானும் இத்தனை வருடம் செய்திருக்கிறேன். அவள் வோட்டு யாருக்குப் போகும் என்று தெரிந்து அவர் செய்தார், நான் பாசத்தில் செய்தேன். பலன் ஒன்றுதான். விதியாவது மண்ணாங்கட்டியாவது என்று வரிசையிலிருந்து விலகி நின்று, தொண்டை கிழிய,

"அண்ணீ! எழுந்திருங்க!" என்று கத்தினேன்.

சுவரிலிருந்து ஒரு மீன் கழன்று விழுந்தது. சாவடித் தலைவர் மூக்குக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டார். என்னிடம் இப்படி ஒரு குரல் இருப்பது எனக்கே அன்றுதான் தெரியும். அண்ணன் என்னைப் பேயைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். அண்ணி கண்ணைத் திறந்தாள்.

"யாரு கத்துனது?"

"நான்தான்."

"நல்லாத்தான் கத்துறீங்க நாத்தனாரே" என்று சொல்லிவிட்டு, மை வைத்துக்கொண்டு, விரலை ஊதிக்கொண்டே மறைப்புக்குள் போனாள். நாற்பத்தைந்தாவது வயதில் அவளுடைய முதல் வோட்டு. வெளியே வரும்போது அவள் முகத்தில் தூக்கத்தின் சுவடே இல்லை.

மருந்துக்கடைக்காரம்மா நாற்பத்தோரு வோட்டில் தோற்றார்.

பதினைந்து நாளில் கிடங்கு திறந்தது. இருபத்திரண்டு பேரும் வந்து இறங்கினார்கள். கெட்டவர்கள் இல்லை, நன்றாகவே வாசித்தார்கள்; அதுதான் கொடுமை, குறை சொல்லக்கூட வழியில்லை. பெரிய டிரம் அடிக்கும்போதெல்லாம் எங்கள் வீட்டு மரக்கரண்டிகள் ஆணியில் தாமாக ஆடின. நான் ஜன்னலில் மெத்தையைச் சாய்த்தேன், கதவிடுக்கில் துணி அடைத்தேன். அண்ணி காதில் பஞ்சை வைத்துக்கொண்டு, போர்வைக்குள் விழித்தபடி கிடந்தாள். மூன்று மணிக்கு அவர்கள் போன பிறகு ஒன்றரை மணி நேரம் தூங்குவாள். மாதக் கடைசியில் ஒரு காலை வலது கையில் கட்டோடு வந்தாள். விரிப்பு ஊட்டும்போது ஒரு நொடி கண் சொக்கி, உருளை அவள் சட்டைக் கையைக் கவ்வியிருக்கிறது. பக்கத்தில் நின்றவள் மெஷினை நிறுத்தும் கைப்பிடியை எட்டி அடித்திருக்கிறாள். சட்டை முழங்கைவரை கிழிந்து உள்ளே போய்விட்டது. கை தோல் வெந்ததோடு தப்பியது. அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு நான் அழுதேன், வாய்விட்டு, சத்தமாக. எதிரே பேண்டு வாசித்ததில் அது யாருக்கும் கேட்கவில்லை.

அண்ணி அழவில்லை. என்னவோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

"சலவைக்கூடத்துல நம்ம தெருக்காரங்க பதினொரு பேர். வார்டுகள்ல நர்சும் ஆயாவுமா இருபத்தெட்டு. பேக்கரியில ஒம்போது. மில்லு வாட்ச்மேன், லாரி செட்டு, அது இதுன்னு பதினஞ்சு. ராத்திரி வேலைக்குப் போறவங்க இந்த நாலு தெருவுல என்னையும் சேர்த்து அறுபத்து மூணு பேர். எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன். பட்டியல்ல இருக்கிறது நான் ஒருத்திதான்."

நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தோற்றது நாற்பத்தொன்றில். தூங்கிக்கொண்டிருந்தது அறுபத்திரண்டு. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் என்னைப் போல ஒருத்தி உதட்டில் விரலை வைத்துக்கொண்டு நின்றிருப்பாள்.

அடுத்த மாதம் பட்டியல் திருத்தம் வந்தது. டிரில் மாஸ்டர் படிவக் கட்டோடு மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு எங்கள் தெருவுக்குள் நுழைந்தார். வழக்கப்படி விசிலைப் பைக்குள் போட்டுக்கொண்டு நுனிக்காலில் வந்தவர் திகைத்து நின்றுவிட்டார். நாலு தெருவிலும் கதவுகள் விரியத் திறந்து கிடந்தன. வாட்ச்மேன்களும் ஆயாக்களும் ரொட்டி போடுகிறவர்களும் லுங்கியும் நைட்டியுமாக, தலை கலைந்து, வாசற்படியில் உட்கார்ந்து கோணிக் கிடங்கைச் சபித்துக்கொண்டிருந்தார்கள். தூங்குகிறவர் ஒருவரும் இல்லை. பேண்டுக் குழு அத்தனை பேரையும் எழுப்பி உட்கார வைத்திருந்தது. எங்கள் யாராலும் முடியாத காரியத்தை இரும்புக்கடைக்காரரின் மச்சினன் இரண்டு பெரிய டிரம்மில் முடித்துவிட்டார்.

அண்ணி கட்டுப் போட்ட கையோடு மாஸ்டருக்கு முன்னால் நடந்தாள். ஒவ்வொரு வாசற்படியிலும் நின்று, "படிவத்தைக் குடுங்கன்னு நீங்களே கேளுங்க. அவரா கேட்டா குறட்டைக்கெல்லாம் டிக் அடிப்பாரு" என்று சொல்லிக்கொண்டே போனாள். நான் பின்னால் பேனாவோடு போனேன். மூன்று மணிக்குள் அறுபத்திரண்டு பெயரும் ஏறிவிட்டன. மாஸ்டர் எடுத்த அறுபத்திரண்டு படத்திலும் கண்கள் திறந்திருந்தன. திறந்திருந்தன என்றால் சாதாரணமாக இல்லை, செக்கச் செவேலென்று, முறைத்தபடி.

புதிய பட்டியல் நகராட்சி வாசலில் ஒட்டிய மறுநாளே இரும்புக்கடைக்காரர், அதாவது கவுன்சிலர், அதை நின்று படித்தார் என்று குமாஸ்தா சொன்னார். இரண்டு முறை படித்தாராம். விரல் விட்டு எண்ணினாராம். அந்த வாரக் கடைசியில் இருபத்திரண்டு பேரும் ஊதுகுழல்களையும் டிரம்களையும் தூக்கிக்கொண்டு அவருடைய இரும்புக்கடைக்குப் பின்னால் இருக்கிற கொட்டகைக்குப் போய்விட்டார்கள். அங்கே அவர் குடும்பம் குடியிருக்கிறது என்று கேள்வி.

போன செவ்வாய்க்கிழமை பதினொரு மணி இருக்கும். ஜன்னலோரம் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். கவுன்சிலர் தனியாக வந்தார். செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டு, நுனிக்காலில் வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அக்கா தூங்குறாங்களா?" என்றார். குரல் எங்கள் அண்ணன் குரலைவிடச் சன்னமாக இருந்தது.

"தூங்குறாங்க."

"நல்லாத் தூங்குறாங்களா? சத்தம் கித்தம் ஏதாவது?"

"எட்டு மணி நேரமும் தூங்குறாங்க."

"தூங்கட்டும், தூங்கட்டும். எழுப்ப வேணாம். சும்மா விசாரிச்சுட்டுப் போகலாம்னுதான் வந்தேன்." திரும்பப் போனவர் நின்று, தயங்கி, "எழுந்ததும் நான் வந்தேன்னு சொல்லுங்க" என்றார்.

இருபத்தோரு வருடத்தில் பதவியில் இருக்கிற ஒருவர் எங்கள் அண்ணி தூங்கினாளா என்று கேட்டது அதுதான் முதல் தடவை. ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா?

"சொல்றேன். ஆனா தேர்தல் அன்னைக்கு அவங்களை நானே எழுப்பிடுவேன். என் குரல் உங்க ஏஜென்ட்டுக்குத் தெரியும், கேட்டுப் பாருங்க" என்றேன்.